கத்திக்கூடு வைத்திருந்த கலங்கள்: ஒரு கழுத்துக் கட்டியின் நிகழ்வு ஆய்வு

நல்லூர்த் தேர் முடிந்து இரண்டாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் தொடங்கியது. வயது 24. தீவுப்பக்கத்தில் முன்பள்ளி ஆசிரியை. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். திருவிழாச் சனத்துக்குள் நின்று பிடித்த தடிமன் என்று வீட்டில் நினைத்தார்கள். ஒரு கிழமை பனடோலும் கொத்தமல்லித் தண்ணியுமாகப் போனது. இரண்டாம் கிழமை தலை வாரும்போது வலப்பக்கக் கழுத்தின் பின்புறத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அமத்தினால் நோ. "நெறி கட்டியிருக்கு, தலையிலை எங்கையும் புண் இருக்கோ எண்டு பார்" என்றாராம் அம்மம்மா. புண் ஒன்றும் இல்லை.

வெளிநோயாளர் பிரிவில் முதல் சந்தேகம் டெங்கு. யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு வருகிற யாருக்கும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், அதில் பிழையும் இல்லை. வெண்குருதிக் கலங்கள் (வெள்ளை அணுக்கள்) 2,900 ஆகக் குறைந்திருந்தது டெங்குவுக்குப் பொருந்தியது. ஆனால் குருதிச் சிறுதட்டுகள் 178,000இல் அசையாமல் நின்றன, காய்ச்சலோ 12 நாள் தாண்டிவிட்டது. அடுத்தது உண்ணிக் காய்ச்சல். டொக்சிசைக்கிளின் கொடுத்தார்கள். உண்ணிக் காய்ச்சலென்றால் பெரும்பாலும் இரண்டு நாளில் சூடு இறங்கத் தொடங்கும். இவருக்கு ஏழு நாள் குளிசை முடிந்தும் பின்னேரமானால் காய்ந்தது.

மூன்றாவது காசநோய். கழுத்தில் நெறியும் நாட்பட்ட காய்ச்சலும் என்றால் எங்கள் நாட்டில் அதைத் தாண்டிப் போக முடியாது. நெஞ்சு எக்ஸ்-ரே சுத்தம். ஊசி குத்தி எடுத்ததில் குருதியும், செத்த கலங்களின் தூளும், அதை விழுங்கிய பெருந்தின்னிக் கலங்களும் மட்டும். காசநோய்க் கிருமி சாயத்திலும் இல்லை, மரபணுச் சோதனையிலும் இல்லை. ஸ்கானில் 2.1 சென்டிமீற்றரில் ஒரு நிணநீர்க் கணு, அதாவது அந்த நெறி, பக்கத்தில் சிறிதாக நாலைந்து. சரி, முழுக் கணுவையும் வெட்டியெடுத்துப் பார்ப்பது என்று சத்திரசிகிச்சைப் பிரிவில் முடிவெடுத்தார்கள். அப்படித்தான் அது போமலின் போத்தலில் என் மேசைக்கு வந்தது. அப்போது நான் நோயியலில் பயிற்சியில் இருந்தேன்.

என் கண்ணில் முதலில் பட்டது

சாதாரண ஊதா-இளஞ்சிவப்புச் சாயத்தில் கணுவின் கட்டமைப்பு பாதி குலைந்திருந்தது. மேலோட்டில் ஒன்றிரண்டு முளை மையங்கள் தப்பியிருந்தன. அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில், நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வகையான ரி கலங்கள் குடியிருக்கும் இடத்தில், இளஞ்சிவப்புத் திட்டுகள். திட்டுகளுக்குள் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகைத் தூவினதுபோலக் கருத் துணுக்குகள். அதைச் சுற்றிப் பெரிய, உருண்ட, துடிப்பான கலங்கள், பிரிந்துகொண்டிருப்பவையும் நிறைய. காசநோய்க்குரிய முடிச்சுகள் இல்லை. நல்ல கலங்கள் இவ்வளவு வேகமாய்ப் பெருகுமா என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வி வந்தவுடனேயே என் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அதே கிழமை மூக்கடைப்போடு வந்த 58 வயதுக்காரர் ஒருவரின் மூக்குச் சதைத்துண்டைப் பார்த்திருந்தேன். கடற்றொழிலாளி. ஆறு மாதமாக பீனிசம் என்று வைத்தியம் செய்தவர். அவருடைய இழையம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. மிச்சமிருந்த கலங்கள் குருதிக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து குழாயையே அடைத்திருந்தன. கொல்லும் நோயெதிர்ப்புக் கலங்கள் சுமக்கும் கிரான்சைம் பி என்ற நொதியத்தைக் காட்டும் சாயம் போட்டோம். எங்கு பார்த்தாலும் பழுப்பு. என்கே/ரி கல லிம்போமா, அதாவது நோயெதிர்ப்புக் கலங்களில் தொடங்கும் புற்று, மூக்கில் வருகிற வகை. எப்ஸ்டீன்-பார் வைரஸோடு ஏறக்குறைய எப்போதும் சேர்ந்தே வருவது. அவருக்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கடிதம் போனது. யாழ்ப்பாணத்தில் "தெல்லிப்பழைக்கு எழுதித் தந்திருக்கினம்" என்று ஒருவர் சொன்னால் நோயின் பெயரை வேறு சொல்லத் தேவையில்லை.

அந்த ஸ்லைடின் நினைவோடுதான் இந்தப் பெண்ணின் கணுவுக்கும் கிரான்சைம் பி போட்டேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அந்தக் கிழமை எனக்கு எல்லாம் பழுப்பு.

சாயம் போடும் வேலையை வெளியாள் ஒருவர் பார்த்தால் சிரிப்பார். மெழுகில் பதித்த இழையத்தை நாலு மைக்ரோன் தடிப்பில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, போமலின் பூட்டிவைத்த புரதங்களைத் திறக்க அதைக் கரைசலில் அவிக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்தது சாதாரண சமையல் பிரஷர் குக்கர். விசில் எண்ணுவது ஆய்வுகூடத் தம்பியின் பொறுப்பு. பிறகு கிரான்சைமை மட்டும் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரியை விட்டு, அது பிடித்த இடத்தைப் பழுப்பாக்குவோம். ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் நோயில்லாத ஒருவரின் தொண்டைச் சதை, அதாவது ரொன்சில், ஒரு சிறு துண்டு ஒட்டியிருக்கும். சாயம் சரியாய் விழுந்ததா என்று பார்க்கும் கொன்ட்ரோல் அது. சாயம் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் அதைத் தாண்டிப் போவோம். நானும் தாண்டித்தான் போனேன்.

பெண்ணின் கணுவில் பழுப்பு ஏராளம். தனித்தனியாய்ச் சிதறியது மட்டுமில்லை, கொத்துக் கொத்தாய், ஒரே மாதிரியான நடுத்தரக் கலங்கள் சேர்ந்து நின்ற இடங்களிலும் பழுப்பு. கி-67 என்ற பெருகல் அடையாளமும் உயர்வு. இடைக்கால அறிக்கையில் எழுதினேன்: "ரி கல லிம்போமாவை விலக்க முடியாது." நோயியலில் இருப்பவர்களுக்கு அந்த வசனம் ஒரு கதவைத் திறந்து வைப்பது. வார்டில் அதைப் படிப்பவருக்கு அது பாதித் தீர்ப்பு. வீட்டுக்குப் போகும்போது முழுத் தீர்ப்பாகிவிடும்.

மறுநாள் தாயார் ஆய்வுகூட யன்னலடிக்கே வந்துவிட்டார். யாரும் அங்கே வருவதில்லை.

"பிள்ளைக்குக் கான்சர் எண்டு சொல்லினம். மெய்யோ டொக்டர்?"

"இன்னும் சொல்லேலாது அம்மா. வேறை சோதினையள் இருக்கு."

"அப்ப ஏன் எழுதினனீங்கள்?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

கிரான்சைம் என்ன செய்கிறது

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் என் பிழை இந்த நொதியத்தை நான் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது. (கலம், நொதியம், இழையம் என்று எங்கள் பாடப்புத்தகச் சொற்களிலேயே எழுதுகிறேன். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் இது. தமிழ்நாட்டு வாசகர்கள் செல், என்சைம், திசு என்று வாசித்துக்கொள்ளலாம்.)

கிரான்சைம் பி புரதத்தை வெட்டும் நொதியம். மனிதரில் கிரான்சைம் ஐந்து வகை: ஏ, பி, எச், கே, எம். பி வகை கண்ட இடத்தில் வெட்டாது. புரதச் சங்கிலியில் அஸ்பாட்டிக் அமிலம் எங்கே இருக்கிறதென்று பார்த்து அதற்கு அடுத்த இணைப்பை வெட்டும். வைரஸ் புகுந்த கலத்தையோ புற்றுக் கலத்தையோ கொல்லப் போகும் சிடி8 ரி கலமும் என்கே கலமும் இதைச் சிறு மணிகளுக்குள் வைத்துச் சுமக்கின்றன.

பனை ஏறும் சீவல் தொழிலாளியின் இடுப்பில் கத்திக்கூடு தொங்கும். உள்ளே இருப்பது பாளையை மெல்லிசாய்ச் சீவும் கூர். ஏறும்போதும் இறங்கும்போதும் அது அவர் தொடையைக் கிழிப்பதில்லை, கூட்டுக்குள் இருக்கிறபடியால். மணிக்குள் இருக்கும் கிரான்சைமும் அப்படியே. உள்ளே அமிலத்தன்மை, செர்கிளைசின் என்ற பசை போன்ற மூலக்கூற்றோடு ஒட்டிக்கிடக்கும், அந்த நிலையில் வெட்டாது. கத்தியைத் தீட்டுவதும் இன்னொரு புரத நொதியம்தான்: கத்தெப்சின் சி. புதிதாய்ச் செய்த கிரான்சைமின் முன்நுனியில் இரண்டு அமினோ அமிலம் கூடுதலாய் இருக்கும், அதை நறுக்கிவிட்டால்தான் கூர் வரும்.

எதிரிக் கலத்தோடு ஒட்டி நின்று மணிகளைக் கொட்டும்போது பெர்போரின் என்ற புரதம் அதன் மென்சவ்வில் துளை போட்டு வழிவிடுகிறது. கிரான்சைம் உள்ளே போய் கஸ்பேஸ்-3ஐ வெட்டி எழுப்புகிறது. கஸ்பேஸும் அஸ்பாட்டிக் அமிலம் பார்த்து வெட்டும் நொதியமே. அது கலத்தை உள்ளிருந்து ஒழுங்காய்ப் பிரித்துக் கட்டிவைக்கும். கரு துண்டு துண்டாகும். நான் கண்ட மிளகுத் தூள் அதுதான். பெர்போரின் இல்லாவிட்டால் கிரான்சைமுக்கு வாசல் இல்லை. கை தவறித் தன் குழியவுருக்குள்ளேயே சிந்தினால் என்ன செய்வது என்பதற்கும் கொல்லும் கலம் ஏற்பாடு வைத்திருக்கிறது: செர்பின் பி9 என்ற தடுப்பான் சிந்திய கிரான்சைமைப் பிடித்து முடக்கிவிடும். சில லிம்போமாக் கலங்கள் இதே தடுப்பானை எடுத்து வைத்துக்கொண்டு தம்மைக் கொல்ல வரும் ரி கலத்திடமிருந்து தப்புவதும் உண்டு. கள்ளனிடம் பொலிஸ்காரனின் கவசம்.

"நியூட்ரோபில் எங்கை?"

மூத்த நிபுணர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து சிக்கலான ஸ்லைடுகளைப் பார்ப்பார். இரட்டைத் தலை நுணுக்குக்காட்டியில் அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். என் பழுப்புக் கொத்துகளைக் காட்டத் துடித்துக்கொண்டிருந்தேன். அவர் பழுப்பைப் பார்க்கவே இல்லை. முதற் சாயத்துக்குத் திரும்பிப் போய்ச் செத்த திட்டுக்கு நடுவில் நிறுத்தினார்.

"இவ்வளவு செத்திருக்கு. நியூட்ரோபில் எங்கை? ஒண்டைக் காட்டும் பாப்பம்."

நியூட்ரோபில் என்பது சீழ் கட்டும் இடத்தில் குவியும் வெண்குருதிக் கலம். தேடினேன். பத்து நிமிடம் இருக்கும். ஒன்று கூட இல்லை.

இந்தக் கேள்வியின் அழகு எனக்குப் பிறகுதான் விளங்கியது. நியூட்ரோபிலும் புரதம் வெட்டும் நொதியங்களின் மூட்டைதான்: எலஸ்ரேஸ், புரொட்டினேஸ்-3, கத்தெப்சின் ஜி. ஆனால் அது சீவல் கத்தி இல்லை, காட்டுக்கத்தி. கொட்டிய இடமெல்லாம் கரையும். அந்தக் கரைசல்தான் சீழ். கலம் தாறுமாறாய் வெடித்துச் செத்தால் நியூட்ரோபில் ஓடி வரும். கிரான்சைமும் கஸ்பேஸும் ஒழுங்காய்ப் பிரித்து முடித்த சாவுக்கு அதை யாரும் அழைப்பதில்லை. பெருந்தின்னிக் கலங்கள் வந்து துணுக்குகளை விழுங்கி, தம் லைசோசோமுக்குள் கத்தெப்சின்களை வைத்துச் சத்தமில்லாமல் சமித்துவிடும். ஆக, இவ்வளவு பெரிய சாவுத் திட்டில் நியூட்ரோபில் ஒன்றுமே இல்லை என்றால், அங்கே நடந்தது பெரும்பாலும் இப்படியான ஒழுங்கான சாவு. விழுங்கிய கலங்களும் இருந்தன: வயிறு நிறைந்து, கருவை ஒரு ஓரத்துக்குத் தள்ளி, பிறைநிலா வடிவமாக்கிக்கொண்டு.

இந்தப் படத்துக்கு ஒரு பெயர் உண்டு. 1972இல் ஜப்பானில் கிகுச்சியும் புஜிமோட்டோவும் தனித்தனியே விவரித்த நிணநீர்க் கணு அழற்சி. பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்டவர்கள், ஆசியாவில் அதிகம், கழுத்தின் பின்பக்கக் கணு, காய்ச்சல், குறைந்த வெண்குருதிக் கலங்கள். புற்று இல்லை. ஒரு சுவையான பொருத்தம்: கலங்கள் ஒழுங்காய்ச் சாகும் இந்த முறைக்கு கெர், வில்லி, கறி ஆகிய மூவரும் அப்பொப்டோசிஸ் என்று பெயர் வைத்ததும் அதே 1972. கிகுச்சி நோயை லிம்போமா என்று பிழையாய் வாசிப்பது நான் கண்டுபிடித்த பிழை இல்லை. நோயியல்காரர்கள் ஆரம்பம் தொட்டே அதில் விழுந்து எழும்பியிருக்கிறார்கள்.

"அப்ப சேர், இந்தக் கொத்து?" என்று விடாமல் கேட்டேன். கொத்தாய் நின்ற கலங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருந்தன, அதுதான் என்னை உறுத்தியது. அவர் ஸ்லைடை ஓரத்துக்குத் தள்ளி, நான் தாண்டிப் போன ரொன்சில் துண்டில் நிறுத்தினார். அங்கேயும் பழுப்பு இருந்தது. முளை மையங்களுக்கு வெளியே, ஒன்று இங்கே ஒன்று அங்கே, மணல் மணலாய்ப் பழுப்பு நிறைந்த கலங்கள். சில தனியே, ஒரு குருதிக் குழாய்க்குப் பக்கத்தில் ஏழெட்டு ஒட்டிக்கொண்டு. நோயே இல்லாத இழையத்திலும் கத்திக்கூட்டுக்காரர் நடமாடுகிறார்கள், சில இடத்தில் கூடியும் நிற்கிறார்கள்.

"ஆரிட்டைக் கத்தி இருக்கு எண்டது கேள்வியில்லை. பெர்போரின் போட்டுப் பாரும். சிடி123 போடும்."

பெர்போரினுக்கான சாயமும், கலத்தின் வகையைக் காட்டும் சிடி123 சாயமும், இரண்டும் எங்களிடம் இல்லை.

ஐஸ்கிறீம் டப்பா

மெழுகு பிளொக்கைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். தபாலை நம்பாமல் பெண்ணின் அண்ணன் தானே கொண்டு போகிறேன் என்றார். இரவு பஸ்ஸில், கழுவிய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து. மெழுகு ஐம்பது பாகைக்கு மேல்தான் உருகும், பஸ் சூட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வெயில் படுகிற கண்ணாடி ஓரம் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாராம், குழந்தையைக் கொண்டு போனதுபோல.

எட்டு நாளில் முடிவு வந்தது. சிதறிய பழுப்புக் கலங்கள் சிடி8 ரி கலங்கள். அவற்றில் பெர்போரினும், கொல்லும் மணிகளின் இன்னொரு அடையாளமான ரி.ஐ.ஏ-1உம் உண்டு. கொலைக்கு வந்தவை, கொலைக்கான முழுச் சாமானோடு வந்தவை. வேகமாய்ப் பெருகியவையும் பெரும்பாலும் இவையே. கிகுச்சியில் சாகிற கலங்களில் பெரும்பகுதியும் இதே சிடி8 ரி கலங்கள்தான் என்பது வேடிக்கையான சங்கதி.

கொத்தாய் நின்றவை வேறு சாதி. கிரான்சைம் பி உண்டு, பெர்போரின் இல்லை, ரி.ஐ.ஏ-1 இல்லை, சிடி123 பளிச்சென்று. பிளாஸ்மாக் கலத்தின் சாயலுள்ள டென்ட்ரிட்டிக் கலங்கள் என்று இவற்றுக்குப் பெயர். வைரஸ் வந்தால் இன்டர்பெரோனை அள்ளிக் கொட்டுவது இவற்றின் வேலை. நலமான கணுவிலும் ரொன்சிலிலும் குருதிக் குழாயோரம் சிறு கூட்டமாய் நிற்கும். கிகுச்சியில் கூட்டம் பெருகும். கிரான்சைம் பியை இவை வைத்திருக்கின்றன, ஆனால் வாசல் திறக்கும் பெர்போரின் இல்லாதபடியால் ரி கலம் கொல்லும் முறையில் இவை கொல்வதில்லை. நான் லிம்போமா என்று பயந்த கொத்து இதுதான். பிறைநிலாக் கலங்கள் சிடி68 சாயத்துக்குப் பழுப்பாகின; அது லைசோசோம் நிறைந்த வயிற்றின் அடையாளம். அவை மையலோபெரொக்சிடேஸ் என்ற நொதியத்தின் சாயத்துக்கும் பழுப்பாகின. அது வழக்கமாய் நியூட்ரோபிலின் சாமான். கிகுச்சியின் பெருந்தின்னிக் கலங்கள் அதை வைத்திருப்பது நோயை அடையாளம் காட்டும் குறிகளில் ஒன்று. எப்ஸ்டீன்-பார் வைரஸ் சோதனையில் ஒன்றுமில்லை.

கடற்றொழிலாளியின் ஸ்லைடை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே கிரான்சைம் பி, பெர்போரின், ரி.ஐ.ஏ-1, என்கே கலத்தின் அடையாளமான சிடி56, வைரஸ் ஐந்தும் ஒரே கலத்தில், அந்த ஒரே கலம் இழையம் முழுக்க. பெண்ணின் கணுவில் இவை பலரிடம் பிரிந்து கிடந்தன: கொல்பவர் ஒருவர், இன்டர்பெரோன்காரர் ஒருவர், விழுங்குபவர் ஒருவர். நான் முதல் நாள் பழுப்பின் அளவைப் பார்த்தேனே தவிர, எத்தனை வகைக் கலம் பழுப்பாகியிருக்கிறது என்று எண்ணவில்லை.

நொதியமே கெட்டுப்போகிற புற்றும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நொதியம் எப்போதும் அப்பாவி என்ற எண்ணம் வந்துவிடும். பி கலங்களில் கத்தெப்சின் எஸ் என்று ஒன்று உண்டு. கலம் தான் விழுங்கியதை ரி கலத்துக்குத் தூக்கிக் காட்டும் தட்டில், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு புரதச் சங்கிலியை அது வெட்டி அகற்றும். பி கலங்களில் தொடங்கும் பொலிக்குலர் லிம்போமா உள்ள ஒரு பகுதியினரில் இதன் மரபணுவில் ஓரிடத்து மாற்றம் நொதியத்தை அளவுக்கு மீறி வேலை செய்யவைப்பதை 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின. புற்றுக் கலம் அதை வைத்து உதவி ரி கலங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இந்த மாதிரி மாற்றம் பழுப்புச் சாயத்தில் தெரியவே தெரியாது.

பிறகு

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். இந்த முறை "விலக்க முடியாது" இல்லை: "கிகுச்சி-புஜிமோட்டோ நோய். புற்றுக்கான சான்று இல்லை." யன்னலடியில் நின்ற தாயாருக்கு நேரே சொல்ல வேண்டும் என்று வார்டுக்குப் போனேன். அவர் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஜப்பான் வருத்தமோ? இஞ்சை எப்பிடி வந்தது?" என்றார். வைரஸ் ஒன்று தூண்டியிருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு, உறுதியாய்ப் பிடிபட்ட காரணம் இல்லை என்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. கண்ணூறு கழிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மருந்து என்று பெரிதாய் ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்கும் நோவுக்கும் குளிசை மட்டும், ஸ்ரெரொயிட் தேவைப்படவில்லை. இந்த நோய் வழக்கமாய் ஒன்றிலிருந்து நாலு மாதத்துக்குள் தானாகவே அடங்கும். இவருக்குக் காய்ச்சல் ஆறாம் கிழமையோடு நின்றது, பக்கத்துச் சிறு கணுக்கள் மார்கழிக்குள் கரைந்தன. வெண்குருதிக் கலங்கள் 5,400க்கு ஏறின. ஒரு விடயத்தில் மட்டும் பிடிவாதமாய் இருந்தோம்: லூப்பஸ், நோயெதிர்ப்பு தன் உடலையே தாக்கும் நோய். கிகுச்சி சிலருக்கு லூப்பஸோடு சேர்ந்தோ அதற்கு முன்னோ பின்னோ வரும், ஸ்லைடிலும் இரண்டும் சகோதரிகள்போல இருக்கும். லூப்பஸைத் தேடும் ஏ.என்.ஏ குருதிச் சோதனை அப்போது ஒன்றும் காட்டவில்லை. ஆனாலும் மூட்டு நோ, வெயில் பட்டால் முகத்தில் சிவப்பு, முடி கொட்டுதல் என்று ஏதும் வந்தால் உடனே வரச் சொல்லி, ஆறு மாதத்துக்கொருமுறை கிளினிக் திகதியும் கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு திருவிழாக் காலத்தில் அவர் கிளினிக்குக்கு வந்தபோது கழுத்தில் இரண்டரைச் சென்டிமீற்றர் தழும்பு மட்டும் இருந்தது. அதை மறைக்கப் பின்னலை வலப்பக்கமாய் முன்னுக்கு விட்டிருந்தார். அண்ணன் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். பிளொக்கைத் திருப்பித் தரலாமா, வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டு அனுப்பியிருந்தார். தர முடியாது என்றேன்.